மார்கழி பதினாறு

அடி அண்ணாமலையில், ஜோதியம்மாளின் சமையலறைச் சுவரில், ஒரே ஆணியில் இரண்டு நாட்காட்டிகள் தொங்கின. ஒன்று நாள்தோறும் தாள் கிழிப்பது. இராகு காலமும் எமகண்டமும் சூலமும் அச்சிட்டது. மற்றொன்று கார் விற்பனைக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. வெள்ளை மின்சாரக் கார் ஒன்றைப் படமாகப் போட்டு, டிசம்பர் முப்பத்தொன்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தது. முதல் நாட்காட்டி சொன்னது: அன்று மார்கழி பதினாறு, தொடாதே. இரண்டாவது சொன்னது: அன்றே கடைசி, விடாதே. இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் அந்த வீட்டின் மூன்று உயிர்களும் பதினைந்து நாட்களாக அஞ்சிக்கொண்டிருந்தன.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜோதியம்மாளின் மகன் அன்பரசன் வாடகைக் கார் ஓட்டுபவன். செங்கம் சாலையில், ஆசிரமத்தை ஒட்டிய விடுதி ஒன்றின் விருந்தினரை ஏற்றி இறக்கியே அவன் குடும்பம் உலை வைத்தது. பொங்கலுக்குப் பின் மின்சாரக் கார்தான் வேண்டும், புகை கக்கும் வண்டி வாசலில் நிற்கக் கூடாது என்று விடுதி மேலாளர் அருணகிரி சொல்லிவிட்டார். மின்சாரக் காருக்குச் சாலை வரி விலக்கு டிசம்பர் முப்பத்தொன்று வரைதான். கடைக்காரரின் ஆண்டிறுதித் தள்ளுபடியும் அதே நாள் வரைதான். விலக்கை நீட்டிப்பார்கள் என்றனர் சிலர். நீட்டிக்க மாட்டார்கள் என்றனர் சிலர். நம்பி ஏமாந்தால் யார் பொறுப்பு என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை.

டிசம்பர் முப்பது, காலை. பனி மலையை இடுப்புவரை விழுங்கியிருந்தது. கிரிவலப் பாதையில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவள் ஜோதியம்மாள். புத்தாண்டுக்கு மலை சுற்ற வரும் கூட்டத்தை எண்ணி, மண் போகக் கழுவிய மல்லாட்டையை இரண்டு அண்டாக்களில் கொட்டிக் கல்லுப்பைப் பிடி பிடியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் தென்றல் அடுப்பில் விறகைத் தள்ளினாள். ஈர மண்ணும் பச்சைக் கடலையும் புகையும் கலந்த வாடை வீடு முழுவதும் பரவியது.

"யம்மா, நாளையோட முடியுது. இன்னொரு தபா சொல்றேன், நாளையோட முடியுது" என்றான் அன்பரசன், பல் துலக்கியபடி.

"வருசமே முடியுது. அதுவும் முடிஞ்சிட்டுப் போவட்டும்."

"வரியும் கட்டணும், தள்ளுபடியும் போயிடும். ரெண்டும் சேந்தா எவ்ளோ ஜாஸ்தி ஆவும்னு தெரியுமா?"

"தை ஒண்ணு வரட்டும்டா. எலுமிச்சம்பழம் வாங்கிக்கினு நானே கூட வர்றேன்."

"நீ வருவ. வரி விலக்கு வருமா?"

தென்றல் சிரித்துவிட்டாள்.

"சிரிடி, சிரி. நீ வந்து நாலு வருசந்தான் ஆவுது. அந்த வண்டிய நீ பாத்தியா?" என்றாள் ஜோதியம்மாள்.

சிரிப்பு நின்றது. அந்த வண்டி என்றால் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். ஜோதியம்மாளின் மூத்த மகன் இனியன் வாங்கிய வேன். அதுவும் ஒரு டிசம்பரில், அதுவும் ஓர் ஆண்டிறுதித் தள்ளுபடியில், மார்கழியில் வாங்கியது. ஓராண்டு கூட நிறையவில்லை. அடுத்த கார்த்திகைத் தீபம் முடிந்த கையோடு, சென்னைக்குப் போகும் வழியில், நின்றிருந்த கரும்பு லாரியின் பின்னால் அந்த வேன் மோதியது. இனியன் திரும்பவில்லை. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மார்கழியில் எழுதிய வண்டி, மகனைக் கொண்டுபோயிற்று என்று ஊர் தீர்ப்புச் சொன்னது; அந்தத் தீர்ப்பின் மேல் முறையீடு செய்ய அந்த வீட்டில் எவருக்கும் துணிவில்லை.

மார்கழி செய்த குற்றம்தான் என்ன? அந்த மாதத்தில் மழை பெய்தால் நிலம் வாங்கிக்கொள்ள மறுப்பதில்லை. பசு கன்று ஈன்றால் பால் திரிவதில்லை. பதவியேற்பவர் பதவியேற்கிறார்; சம்பளம் வாங்குபவர் வாங்குகிறார். ஏழை ஒருவன் பிழைப்புக்காக ஒரு வண்டி வாங்கப் போனால் மட்டும் மாதம் விழித்துக்கொண்டு கண்ணை உருட்டுகிறது!

"நானே மார்கழில பொறந்தவன்தான? தை ஒண்ணு வரைக்கும் வயித்துலயே வெச்சிக்கினு இருந்தியா?" என்றான் அன்பரசன்.

"உன்ன நாளு கேட்டா பெத்தேன்? வண்டிய கேட்டுத்தான் வாங்கணும்."

"சரி, கார் கடை தல்ஹா சொல்றாப்ல செய்யலாம். நாளைக்கிப் பதிவு மட்டும் போட்டுடறது. வண்டிய தை ஒண்ணுல எடுக்கறது. ஊர்ல பாதிப் பேரு இப்டித்தான் எடுக்கறாங்களாம். உனக்கும் தை, எனக்கும் டிசம்பரு."

ஜோதியம்மாள் அண்டாவிலிருந்து கையை எடுத்தாள்.

"பேரு எழுதற நாளுதான்டா அது பொறக்கற நாளு. இனியன் இன்னா பண்ணான்? இதேதான் பண்ணான். இருபத்தெட்டாந் தேதி எழுதினான், தைல எடுத்தான். மாலையெல்லாம் போட்டுத்தான் எடுத்தான்."

உப்புத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் ஓசை மட்டும் கேட்டது.

நாட்காட்டிகளுக்குக் கீழே, அஞ்சறைப் பெட்டி இருக்கும் பலகையில், பழைய கைபேசி ஒன்று மின்கம்பியில் செருகிக் கிடந்தது. இனியனுடையது. விபத்தில் அதன் ஒரு மூலை நொறுங்கியிருந்தது; ஆயினும் உயிர் இருந்தது. ஆறு ஆண்டுகளாக ஜோதியம்மாள் அதற்கு மாதம் தவறாமல் பணம் கட்டினாள். கேஸ் சிலிண்டர் பதிய அந்த எண்தான், அதனால்தான் என்பாள். அதில் யாரும் பேசுவதில்லை. அதிலிருந்து யாரையும் அழைப்பதில்லை. எப்போதேனும் விளம்பரச் செய்தி வந்து அது 'டிங்' என்றால், அவள் கையில் இருப்பது எதுவாயினும் கீழே விழும்.

"இன்னிக்கி எங்க ஓட்டம்?" என்றாள் ஜோதியம்மாள்.

"பெங்களூர் விமான நிலையம். சாயங்காலம் கெளம்பினா காலைல வந்துடுவேன்."

"வழில நிறுத்தித் தூங்கு."

"சரி."

"சரின்னு சொல்லாத. தூங்கறேன்னு சொல்லு."

"தூங்கறேம்மா" என்றான் அவன். அவளைப் பார்க்காமல் சொன்னான். பார்க்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. வீட்டு மனைப் பட்டா தாயின் பெயரில் இருந்ததாலும், பெண் பெயரில் வாங்கினால் வட்டி கம்மி என்று வங்கியில் சொன்னதாலும், கார் ஜோதியம்மாள் பெயரில்தான் பதிவாக வேண்டும். ரேஷன் கடைக்கு என்று பொய் சொல்லி வாங்கிய அவளுடைய ஆதார் நகல், மூன்று நாட்களுக்கு முன்பே தல்ஹாவின் கோப்பில் ஏறிவிட்டிருந்தது.

மறுநாள் காலை, வீட்டுக்கு வராமல், பெங்களூர்ப் புழுதி அப்பிய வண்டியோடு நேரே வேலூர்ச் சாலைக் கடைக்குப் போனான் அன்பரசன். கடையில் திருவிழாக் கூட்டம். ஆண்டு முடிவதற்குள் மலிவைப் பிடித்துவிட வேண்டும் என்று வந்தவர்கள். ஒவ்வொருவர் முகத்திலும் பேருந்தைத் தவறவிடப் போகிறவரின் கலக்கம். விற்பனையாளன் தல்ஹா, நகரில் மூன்று தலைமுறையாக டயர் வணிகம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, கணினியிலிருந்து தலை தூக்கினான்.

"இன்னாண்ணா, கண்ணு ரெண்டும் தக்காளியாட்டம் கீது. தூங்கலியா?"

"தை ஒண்ணுக்குத் தூங்கிக்கலாம்."

"உங்க வூட்ல எல்லாமே தை ஒண்ணுக்குத்தானா?" என்று சிரித்தான் தல்ஹா. "அம்மா ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கினாங்க. நீ போடு."

தல்ஹா பொத்தானை அழுத்தினான். "கடன் கையெழுத்து, பதிவு, எல்லாம் ஒரே ஓடிபிதான். சொல்லுங்க."

அன்பரசன் தன் கைபேசியைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. தாயின் கைபேசியையும் முந்தின நாள் கிளம்பும்போதே தந்திரமாகச் சட்டைப் பையில் எடுத்து வந்திருந்தான், அதிலும் வரவில்லை.

"ஆதார்ல கொடுத்த நம்பருக்குப் போயிருக்குண்ணா. கடைசி நாலு எண்ணு மட்டும் காட்டுது. நாலு, நாலு, ஒண்ணு, ஏழு."

அன்பரசனின் கை மேசையின் மீது அப்படியே நின்றது.

"எங்கண்ணன் நம்பரு."

"அப்ப ஒண்ணும் பிரச்சனையே இல்ல. அண்ணனுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"அவரு இல்ல."

"வெளியூரா? பரவால்ல, வாட்ஸாப்ல அனுப்பச் சொல்லுங்க."

அன்பரசன் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். தல்ஹா அவன் முகத்தைப் பார்த்தான், பார்த்ததும் விளங்கிக்கொண்டான்.

"மாப் பண்ணுங்கண்ணா. தெரியாம..." குரலைத் தாழ்த்தினான். "இது பத்து நிமிசந்தான் செல்லும். போனா இன்னொன்னு அனுப்பறேன். ஆனா அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கு மேல எல்லாரும் முண்டியடிப்பாங்க, சர்வர் படுத்துக்கும்."

ஆதாருக்கு எண் இணைக்கச் சொன்ன காலத்தில், வரிசையில் நின்று, தாயின் பெயருக்குத் தன் எண்ணை எழுதிக் கொடுத்தவன் இனியன். தம்பி அதை மறந்தான். அரசின் கணினி மறக்கவில்லை.

அதே நேரத்தில், அடி அண்ணாமலையில், இரண்டாம் அண்டாவுக்கு உப்புப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்த ஜோதியம்மாளின் முன்னால், இறந்த மகனின் கைபேசி 'டிங்' என்றது. கரண்டி தரையில் விழுந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளம்பரமாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் எடுத்துப் பார்த்தாள். ஆங்கில எழுத்துகள், நடுவில் ஆறு எண்கள்.

"தென்றலு, இது இன்னான்னு படி."

தென்றல் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது.

"அத்த... உங்க பேருக்கு வண்டி எழுதறதுக்கு வந்துக்குது. அவரு அங்க கடையிலதான் கீறாரு போல."

"வேற இன்னா போட்டுக்குது?"

"இத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டுக்குது."

ஜோதியம்மாள் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மகன் ஏமாற்றினான் என்ற சினம் வரும் என்று தென்றல் எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறு. மாமியாரின் உதடுகள் அந்த மூன்று சொற்களையே அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன: யாருக்கும் சொல்லக் கூடாது.

அன்பரசன் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தாய் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் இருந்தாள். திட்டு விழும் என்று அவன் வாசலிலேயே தயங்கினான்.

"உக்காரு. எப்பத் தூங்கன?" என்றாள் ஜோதியம்மாள்.

"யம்மா, நான் செஞ்சது தப்புதான்..."

"அதக் கேக்கல. எப்பத் தூங்கன?"

"தூங்கல."

"முந்தாநாளு?"

"முந்தாநாளு ஒரு மணி நேரம்."

அவள் கைபேசியை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"டேய், அன்பு. மார்கழி இல்லடா."

"இன்னாம்மா?"

"உங்கண்ணன மார்கழி கொண்டுகினு போவல. நான் எழுப்பினேன்."

தென்றல் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"தீபத்துக்கு ரெண்டு நாளு சேந்தாப்ல ஓட்டினான். மத்தியானம் வந்து இங்கதான் விழுந்தான், இதே எடத்துல. செருப்பக் கூடக் கழட்டல. அரை மணி நேரம் ஆயிருக்கும். இந்தப் போனு அடிச்சிது. ஆசிரமத்துப் பக்கம் பார்ட்டி, சென்னை விமான நிலையம். தம்பி வருமாம்மான்னு கேட்டாங்க. வருவான்னு சொன்னேன். அவன் சொல்லலடா. நான் சொன்னேன். தவணை கட்ட ரெண்டு நாளுதான் பாக்கி இருந்துது. எழுப்பினேன், எழுந்திரிக்கல. இன்னும் கொஞ்சம்மான்னான். சொம்புல தண்ணி கொண்டாந்து மொகத்துல தெளிச்சேன்."

"யம்மா..."

"தெளிச்சேன்டா. சிரிச்சிக்கினே எழுந்தான். போனான். ஊரு வந்து மார்கழி, மார்கழின்னாங்க. நான் ஆமா, ஆமான்னேன். ஆறு வருசமா ஆமான்னு சொல்லிக்கினு கீறேன். யாருக்கும் சொல்லல. நேத்து உன்னயும் தைக்கு தைக்குன்னு தள்ளினேனே, நாளுக்குப் பயந்தா தள்ளினேன்? இன்னொரு வண்டி வந்தா இன்னொரு தவணை வரும். நான் மறுபடியும் எழுப்பிடுவேனோன்னு பயந்துதான்டா."

ஊர் ஒரு மாதத்தைக் குற்றவாளி ஆக்கியது. தாய் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டாள். இரண்டு நாள் உறங்காதவனை மூன்றாம் நாளும் சாலைக்கு இழுக்கும் தவணை எவன் எழுதியது? தீபம் பார்க்க வருகிறவர் லட்சம் பேர். அவரை ஏற்றி இறக்குகிறவன் உறங்கினானா என்று கேட்டவர் எத்தனை பேர்? அந்தச் செம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்தவர்கள் பெயரோடும் முகவரியோடும் வாழ்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க ஆளில்லாத காரணத்தால்தான் மார்கழி மாட்டிக்கொண்டது.

அன்பரசன் தாயின் அருகில் உட்கார்ந்தான். அவனுக்குத் தேற்றத் தெரியவில்லை. அவள் முழங்காலின் மேல் கையை வைத்தான், அவ்வளவுதான்.

"இந்த வண்டி வேணாம்மா. போவட்டும்."

"வேணாம்னா இன்னா செய்வ? அருணகிரி வேலை போயிடும். இந்தப் பழய வண்டியிலயே கெடச்ச ஓட்டமெல்லாம் போவ. இன்னும் ஜாஸ்தி ஓட்டுவ. இன்னும் கம்மியாத் தூங்குவ. எனக்குத் தெரியாதா?" மூக்கைச் சிந்திப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "அந்தப் பையனுக்குப் போன் போடு. நம்பர மறுபடியும் அனுப்பச் சொல்லு."

"இன்னிக்கி மார்கழிதானேம்மா?"

"தெரியும். போடு."

தல்ஹா எடுத்தான். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து, ஜோதியம்மாளின் மடியிலிருந்த கைபேசி 'டிங்' என்றது. இம்முறையும் அவள் உடல் குலுங்கியது. ஆனால் கைபேசி விழவில்லை. தென்றல் படிக்கக் கை நீட்டினாள். ஜோதியம்மாள் கொடுக்கவில்லை. எண்கள் அவளுக்குத் தெரியும். படியால் அளந்து விற்கிறவள். ஒவ்வொன்றாய் வாய்விட்டுச் சொன்னாள். ஆறாவது எண்ணைச் சொல்லும்போது குரல் உடைந்தது, மறுபடியும் சொன்னாள்.

"ஆயிடுச்சிம்மா!" என்றது தல்ஹாவின் குரல். "தை ஒண்ணு காலைல வாங்க. மாலை போட்டு, பொட்டு வெச்சி, ரெடியா நிறுத்தறேன்."

"மாலை கெடக்கட்டும் தம்பி. டயரு, பிரேக்கு நல்லாப் பாத்து வை."

"புது வண்டிம்மா!"

"புதுசுதான். பாத்து வை."

அன்பரசன் இரண்டு வாய் களியும் கடலைத் துவையலும் தின்றான். மூன்றாம் வாய் கையிலேயே நின்றது. உட்கார்ந்தபடியே கண் சொருகியது. தென்றல் தட்டை நகர்த்தினாள். அவன் அப்படியே தரையில் சாய்ந்தான். செருப்பை வாசலில் கழற்ற மறந்திருந்தான். ஜோதியம்மாள் குனிந்து, ஒவ்வொரு காலாய்த் தூக்கி, வாரை விலக்கிக் கழற்றினாள்.

அப்போது அவனுடைய கைபேசி ஒலித்தது.

திரையில் அருணகிரி என்று இருந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. தென்றல் எடுக்கப் போனாள், ஜோதியம்மாள் முந்திக்கொண்டாள். எடுத்த பிறகுதான், எதை எடுத்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அன்பு, ஒடனே வா. மூணு பேரு, சென்னை விமான நிலையம்" என்றது அந்தப் பக்கம்.

"நான் அவங்கம்மா பேசறேங்க."

"அம்மாவா, நல்லதாப் போச்சி. பையன அனுப்புங்க. கெஸ்டு வாசல்ல நிக்கறாங்க."

"தூங்கறானுங்க."

"எழுப்பி அனுப்புங்கம்மா. புத்தாண்டு, வேற வண்டி கெடைக்காது."

அவள் தரையில் கிடந்தவனைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இதே இடம். இதே வெயில் நேரம். இதே சென்னை. செம்பு கூட அதே செம்பு, குடத்தின் மேல் கவிழ்ந்திருந்தது.

"எழுப்ப மாட்டேங்க."

"இன்னாம்மா பேசறீங்க? பொங்கலுக்கு அப்புறம் இங்க ஓட்டணுமா, வேணாமா? அவனயே கேட்டுச் சொல்லுங்க."

"எழுந்தப்புறம் கேக்கறேன்."

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது. ஜோதியம்மாள் கைபேசியைத் தரையில் வைத்தாள். அதன் மேல் துவைத்த பாவாடை ஒன்றை நான்காக மடித்துப் போட்டாள். மீண்டும் ஒலித்தாலும் கேட்காதபடிக்கு.

"அத்த, அவரு வேற ஆளப் பாத்துக்கினா?" தென்றலின் குரல் மெலிந்திருந்தது. "இப்பத்தான எழுதினோம்."

"பயமாத்தான்டி கீது" என்றாள் ஜோதியம்மாள். "எனக்கும் பயமாத்தான் கீது."

வெளியே, கிரிவலப் பாதையில் புத்தாண்டுக் கூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. விற்க வேண்டிய மல்லாட்டை அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. ஜோதியம்மாள் எழுந்து போகவில்லை. மகனின் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தபடி, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சும்மா இருக்க முடியாத தென்றல், சாயங்காலத்துக் குழம்புக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். கடுகு டப்பாவைத் திறந்தாள்.

"இரு" என்றாள் ஜோதியம்மாள், மிக மெதுவாக. "கடுகு வெடிக்கும்."